முதல் பக்கத்தில் ஒரு பிழை

தம்பி,

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. கையெழுத்து வாங்கும்போது தபால்காரர், "ஜெர்மனியா சார்? மகன் டாக்டர் ஆயிட்டாரா?" என்று கேட்டார். "ஆகப் போறான். ஊசி போடுற டாக்டர் இல்லண்ணே, நட்சத்திர டாக்டர்" என்றேன். இருவரும் சிரித்தோம். கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தையல் கத்தரியால் உறையைப் பக்குவமாக வெட்டி, உன் ஆராய்ச்சிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். ஜோடி நட்சத்திரங்களிலிருந்து வரும் மிக வலுவான காமா கதிர்கள் என்று தலைப்பைத் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொண்டேன். மேலே ஒரு சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தாய். 'அப்பா, முதல் பக்கம் மட்டும் தமிழ். எழுத்துப் பிழை இருந்தா சொல்லுங்க. மாசக் கடைசியில அச்சுக்குப் போகுது.' முதல் பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளைக் காகிதத்தின் நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது. 'உடம்புக்கு முடியாத நிலையிலும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி, அந்த இரவுகளை எனக்குக் கொடுத்த அம்மாவுக்கு.'

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை தம்பி. ஒற்றெழுத்துகூட எங்கும் விட்டுப்போகவில்லை. ஆனால் அந்த வரி உண்மை இல்லை. அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. அவள் சொன்னதாக உன்னிடம் சொன்னவன் நான். மூன்று வருஷமாக அந்தப் பொய்யை நீ நெஞ்சில் வைத்துக் காப்பாற்றி, இப்போது புத்தகத்தின் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நீ நினைக்கலாம். உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் வேறு எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் காகிதம்.

நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு நீயே ஒரு சாட்சி. பிளஸ் டூ பரீட்சை நடந்தபோது டி. கல்லுப்பட்டித் தாத்தா இறந்தது உனக்கு நினைவிருக்கும். மறுநாள் உனக்கு இயற்பியல் பரீட்சை. அம்மாவை மட்டும் பஸ் ஏற்றிவிட்டு, தாத்தாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல், பார்த்துவிட்டு வரப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். பரீட்சை முடிந்து பேனாவை மூடிக்கொண்டு நீ வெளியே வந்தபோது, பள்ளிக்கூட வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். நீ அழவில்லை. "எனக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தவருப்பா. ஒரு பரீட்சைதானே, அடுத்து எழுதியிருப்பேன்ல?" என்று மட்டும் கேட்டாய். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அம்மா அப்போது சொன்னாள், "ஏங்க, யாருக்கு எது முக்கியம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. சேதியச் சொல்லிருங்க. அவங்க பாத்துக்குவாங்க." இனிமேல் மறைக்கமாட்டேன் என்று உங்கள் இருவருக்கும் அன்றைக்கு வாக்குக் கொடுத்தேன். அந்தப் பரீட்சையில் நீ எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் வாக்கை மறந்துவிட்டேன். நான் செய்தது சரிதான் என்று எனக்குள் ஒரு திமிர் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வேர் என்று இப்போது படுகிறது.

முப்பத்து மூன்று வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்தவன் நான். எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வருவதற்கு முன்னால், வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் ட்ரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வீட்டில் சாவு என்றால் மட்டும் 'லைட்னிங் கால்' என்று கேட்பார்கள். மற்ற எல்லா அழைப்பையும் நிறுத்திவிட்டு அதை இணைப்போம். எத்தனையோ குடும்பங்களின் சாவுச் செய்தி என் காதுவழியாகப் போயிருக்கிறது. பம்பாயிலும் பினாங்கிலும் இருக்கிற மகன்களை வேலையிலிருந்து கூப்பிட்டு, "ஒரு நிமிசம் லைன்ல இருங்க, மதுரையில இருந்து பேசுறாங்க" என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டுச் செய்தியைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு வரவில்லை.

2003 தீபாவளிக்கு நீ வந்திருந்தாய். கோச்சடை வீட்டில் அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருக்க, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உன் வேலையை அவளுக்கு விளக்கினாய். இரண்டு நட்சத்திரம். ஒன்று பெரியது, நீலமாகக் கொதிப்பது, இடுப்பைச் சுற்றித் தட்டு மாதிரி வாயு சுழல்வது. இன்னொன்று வெடித்து அடங்கிப்போனது, ஒரு ஊர் அளவுதான் இருக்கும், நொடிக்கு இருபது தடவை தன்னைத்தானே சுற்றுவது. சின்னது பெரியதை முட்டை வடிவப் பாதையில் சுற்றுகிறது. மூன்று வருஷம் நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் பக்கத்தில் வரும். அப்போது அந்த வாயுத் தட்டைக் கிழித்துக்கொண்டு போகும். அந்த மோதலில், கண்ணுக்குத் தெரிகிற ஒளியைவிட லட்சம் கோடி மடங்கு வலுவான காமா கதிர் கிளம்புமா கிளம்பாதா என்பதுதான் உங்கள் கேள்வி. இதுவரை யாரும் உறுதியாகப் பார்த்ததில்லை என்றாய். ஆப்பிரிக்காவில், நமீபியா மேட்டுநிலத்தில் நான்கு பெரிய கண்ணாடித் தொலைநோக்கிகள் வைத்துக் காத்திருப்பதாகச் சொன்னாய்.

அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அந்தக் கதிரு நேரா கண்ணாடியில வந்து விழுமா?"

"இல்லம்மா. பூமிக்கு மேல பத்து கிலோமீட்டர் இருக்கும்போதே காத்துல மோதி உடைஞ்சு போயிரும். உடையும்போது நீலமா ஒரு மின்னல் மாதிரி அடிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. கண் இமைக்கிற நேரத்துல கோடியில ஒரு பங்கு நேரந்தான் இருக்கும். அதத்தான் நாங்க பிடிக்கிறோம்."

"அம்புட்டு தூரம் வந்து, வீட்டுக்குள்ள வராமயே போயிருதா?" என்று கேட்டாள். பிறகு, "நிலா வெளிச்சத்துல தெரியுமா?" என்றாள். நீ அசந்துபோனாய். "தெரியாதும்மா. நிலா இருந்தா எங்களுக்கு வேலையே கிடையாது. எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டாய். "வெள்ளைத் துணியில வெள்ளை நூலைத் தேடுறவளுக்குத் தெரியாதா?" என்றாள். நீ கிளம்புகிற அன்று, நமீபியாவிலிருந்து நிலா காயும் நாட்களில் போன் செய்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாய். அதிலிருந்து அவள் காலண்டரில் அமாவாசையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பௌர்ணமியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பொங்கல் கழிந்து அவளுக்கு வயிற்றுவலி வந்தது. சூடு என்று மோர் குடித்தாள், வாயு என்று கசாயம் குடித்தாள். பிப்ரவரியில் கண் மஞ்சளானது. ஸ்கேன் எடுத்த டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி வாரக்கணக்குதான் என்றார். "பிள்ளைங்க வெளியூர்ல இருந்தா வரச் சொல்லிருங்க" என்றும் சொன்னார். அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது தம்பி. கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். வெளியே வந்தபோது அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணின் ரவிக்கைத் தையல் பிரிந்திருப்பதைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாரு?" என்றாள். அவளிடம் மறைக்க முடியவில்லை. முழுதாகச் சொல்லவும் முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள். "தம்பிக்கு இப்பவே சொல்ல வேணாம். அந்த நட்சத்திரம் பக்கத்துல வார நேரம். முடிச்சுட்டு வரட்டும்" என்றேன் நான். அவள் தையலை முடித்து நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "சரி" என்றாள். அந்த ஒரு 'சரி'யைத்தான் பின்னால் நான் இழுத்து நீட்டி, வேறு ஒன்றாக மாற்றி உன்னிடம் கொடுத்தேன்.

மார்ச் முதல் வாரத்துப் பௌர்ணமியன்று நீ போன் செய்தாய். நான் அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, ரிசீவரை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. "சளிப்பா. அங்க என்ன செய்ற?" என்றாள். நிலா வெளிச்சம், நாலைந்து நாளைக்கு வேலை இல்லை, சும்மா சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாய். "எப்பப்பா வார?" என்றாள். "ஏப்ரல்ல வாரேம்மா." "ஏப்ரல்லயா" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் ரிசீவரை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை கூப்பிட்டபோதும், அம்மா அழகர்கோவிலுக்குப் போயிருக்கிறாள், கல்லுப்பட்டியில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். நான் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஒரு புதன்கிழமை காலையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அவனக் கூப்பிடுங்க. எனக்கு அவனப் பாக்கணும்" என்றாள். சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. தெளிவாகச் சொன்னாள். அக்காளுக்குத் துணையாக வந்திருந்த செல்வி சித்தி பக்கத்தில் நின்றாள். "கூப்பிடுறேன்" என்று எழுந்து போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே எஸ்.டி.டி. பூத். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன் நம்பரை முழுதாக டயல் செய்தேன். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிட்டேன். உன் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று நினைத்தேன் என்பது உண்மை. ஆனால் முழு உண்மை அதுவல்ல. என்னோடு வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரிடமும், உலகத்தில் முதல்முதலாக என் மகன் அதைப் பார்க்கப் போகிறான் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. உன்னை வரச் சொல்லிவிட்டால் அவள் சாகப்போகிறாள் என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாமல் இருக்கிறவரைக்கும் ஏதோ ஒரு வழி திறந்திருப்பதாக ஒரு பைத்தியக்கார நினைப்பு. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

மறுநாள், "கூப்பிட்டீங்களா?" என்றாள். "கூப்பிட்டேன். கிளம்பிட்டான்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. சொன்ன பிறகாவது ஓடிப்போய் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். பூத் வாசல்வரை போனேன். இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று நீ கேட்பாயே என்ற பயத்தில் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை, "இப்ப எங்க வந்திருப்பான்?" என்று கேட்டாள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எப்படிப் போக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம் அல்லவா? "ஜோகன்னஸ்பர்க் வந்துட்டான், அடுத்து பம்பாய்" என்றேன். சனிக்கிழமை காலையில், "சென்னையில இறங்கிட்டான். பகல் ரயில்ல வாரான்" என்றேன். அன்றைக்கு அவள் சித்தியிடம் தலை வாரிவிடச் சொன்னாள். பச்சைச் சேலையைக் கொண்டுவரச் சொல்லி மேலே போர்த்திக்கொண்டாள். சாயங்காலம் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள், "திண்டுக்கல் வந்திருச்சா?" "வந்திருச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "கொடை ரோடு?" "தாண்டிட்டான்." ஏழரை மணி இருக்கும். "சோழவந்தான் தாண்டிட்டா அரை மணி நேரந்தான், என்னங்க" என்றாள். "ஆமா, அரை மணி நேரந்தான்" என்றேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு. எட்டு மணிக்குச் சற்று முன்னால் அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வருவதற்கு முன்பே தத்தனேரி சுடுகாட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. நீ வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். வாசலில் பையை இறக்கக்கூட இல்லாமல் நின்றுகொண்டு கேட்டாய், "அம்மா என்னைக் கேக்கவே இல்லையாப்பா?" அப்போது சித்தி சமையல்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லப்பா. வேலைய விட்டுட்டு வரவேணாம்னு அவதான் சொன்னா" என்றேன். உன் முகத்தில் ஏதோ ஒன்று அடங்கியது. அழுகைக்கு நடுவிலும் ஒரு பிடிமானம் கிடைத்த மாதிரி தலையை ஆட்டினாய். அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு அன்றைக்கும் தைரியம் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. சித்தி மட்டும் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்லிவிடாதே என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால் உன்னிடம் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வந்து வீட்டைப் பெருக்கி, குழம்பு வைத்துவிட்டு, ஒரு வார்த்தை இல்லாமல் போய்விடுவாள்.

வருஷ நினைவுக்கு நீ வந்திருந்தபோது, நான் கேட்காமலேயே ஒன்று சொன்னாய். அந்த மார்ச்சில் உனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதாகவும், உனக்குப் பதில் ஒரு பிரெஞ்சுப் பெண் உட்கார்ந்து பார்த்ததாகவும் சொன்னாய். "நான் ஒரு ஆள் இல்லாட்டி அது நின்னு போகாதுப்பா. எங்க கூட்டம் பெருசு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். பம்பு அடிக்கிற சத்தத்தில் நான் அழுதது உனக்குக் கேட்டிருக்காது. நீ இல்லாமலும் அந்த நட்சத்திரத்தைப் பார்த்திருப்பார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயரும் இருந்திருக்கும். இதை ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டிருந்தால் போதும். உன் வாழ்க்கையில் எது தவறக்கூடாது என்று நான் முடிவு செய்தேன், அதுவும் தவறாக.

இப்போது நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்குக் கெட்ட செய்தி எதுவும் எட்டாமல் நடுவில் நின்று தடுத்துவிடலாம் என்று உனக்கும் தோன்றும். பாசத்தில்தான் தோன்றும். தடுக்காதே. உன் மனைவி ஆகப்போகிற பெண்ணிடமும் எதையும் மறைத்து வைத்துக் காப்பாற்ற நினைக்காதே. அடுத்தவர் தாங்கமாட்டார் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம்மால் தாங்க முடியாததைத்தான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அந்த முதல் பக்கத்தை உன் விருப்பம்போல் மாற்றிக்கொள். அம்மாவின் பெயர் மட்டும் இருந்தால்கூடப் போதும். அவள் உன்னை வேண்டாம் என்று சொன்னதாக ஒரு புத்தகத்திலும் இருக்கக் கூடாது. என்னை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. நீ கோபப்பட்டால் அது நியாயம். பேசாமல் இருந்தாலும் நியாயம்.

இதுவரை எழுதியதைச் சற்றுமுன் செல்வி சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்கமாட்டாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆனால் சுவரில் சாய்ந்து கடைசிவரை கேட்டாள். பிறகு மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அத்தான், ஒண்ணு உங்களுக்குத் தெரியாது. அக்காளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க கூப்பிடலைன்னு தெரியும். சனிக்கிழமை நீங்க காப்பி வாங்கப் போயிருந்தீங்க. தலை வாரிவிட்டுக்கிட்டே, தம்பி வந்துருவான்க்கான்னு நானும் பொய் சொன்னேன். அவன் வரலடி, எனக்குத் தெரியும்னா. கிளம்பியிருந்தா வழியில ஒரு போனாவது பண்ணாம இருப்பானான்னு கேட்டா. அப்ப ஏன்க்கா அவருகிட்ட ஊர் ஊரா கேட்டுக்கிட்டு இருக்கன்னேன்." சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேக்காட்டி அந்த மனுசன் நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சுக்குவாரு, அப்புறம் எப்படி இந்த ரூமுக்குள்ள நிப்பாருன்னா. அது மட்டுமில்ல, அவரு ஊர் பேரச் சொல்லச் சொல்ல, நெசமாவே எம்மகன் வார மாதிரி இருக்குடி, கேக்க நல்லா இருக்குன்னா."

கையெழுத்து கோணிப்போயிருக்கிறது, பொறுத்துக்கொள். சித்தி செருப்பைப் போட்டுக்கொண்டு, தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும் என்று வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். மடித்து அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா